மன்னிக்கும் உரிமை யாருக்கு?

அன்று அக்டோபர் 30. பசும்பொன்னில் தேவர் குருபூசை நடைபெறும் நாள். மாவட்டத்தில் தடை உத்தரவு நடப்பில் இருந்தது. சிக்கல் வழியாகச் செல்லும் பேருந்துகளும் குறைந்துவிட்டதால் வெளியூர் மாணவர் சிலர் வரவில்லை. வந்திருந்தவர்களை வைத்துக்கொண்டு பிக்ஹுப் பாடத்தைத் தொடர்ந்தேன்.

பாடம் கிஸாஸ் பற்றியது. ஒருவன் வேண்டுமென்றே கொலை செய்யப்பட்டால், அவனுடைய வாரிசுகளுக்கு ஷரீஅத் மூன்று வழிகளைத் திறந்து வைத்திருக்கிறது. உயிருக்கு உயிர் கோரலாம். 'தியத்' எனப்படும் உயிரீட்டுத் தொகையைப் பெற்றுக்கொண்டு விட்டுவிடலாம். ஒன்றும் பெறாமலே மன்னித்தும் விடலாம். இம்மூன்றனுள் மன்னிப்பே இறைவனுக்கு மிக உவப்பானது என்று சொல்லி முடிப்பதற்குள் ஒரு மாணவர் எழுந்தார்.

“ஹஸ்ரத், மன்னிப்பதுதான் மேல் என்றால், மன்னிக்க மனம் வராதவன் தாழ்ந்தவனா?”

வகுப்பில் சொல்ல வேண்டிய விடையைச் சொன்னேன். உரிமையைக் கோருவோன் குற்றவாளி ஆகான், உரிமையை விட்டுக்கொடுப்போன் சிறப்புடையோன் ஆகிறான், அவ்வளவே என்றேன். ஆனால் வீட்டுக்கு வந்த பிறகும் அக்கேள்வி என்னை விடவில்லை. அரசியல் பகையினால் கொலையும் கொள்ளையும் நிகழ்ந்து ஓய்ந்த ஒவ்வொரு நாட்டிலும் இதே கேள்விதான் கேட்கப்படுகிறது. நடந்ததை மறந்து ஒன்றுபடுங்கள் என்று ஒரு குரல் சொல்கிறது. குற்றவாளியைத் தண்டித்த பிறகு ஒற்றுமை பேசலாம் என்று மற்றொரு குரல் மறுக்கிறது. இவ்விரு குரல்களுக்கும் இடையில், உயிரையும் உடைமையையும் இழந்தவர் என்ன சொல்கிறார் என்பதைக் கேட்பார் அரியர்.

இவ்வினாவை எண்ணிப் பார்ப்பதற்கு நெடுந்தூரம் செல்ல வேண்டுவதில்லை. தடை உத்தரவினால் பேருந்து ஓடாத அந்த நாளே ஒரு வரலாற்றைச் சொல்கிறது.

நம் மண்ணில் நடந்தது

1957ஆம் ஆண்டுப் பொதுத்தேர்தலில் முத்துராமலிங்கத் தேவர் நாடாளுமன்றத்துக்கும் முதுகுளத்தூர்ச் சட்டமன்றத் தொகுதிக்கும் ஒருங்கே தேர்ந்தெடுக்கப்பட்டார். சட்டமன்ற இடத்தை அவர் விட்டுக்கொடுக்கவே, அவ்வாண்டு ஜூலையில் இடைத்தேர்தல் நடந்தது. அதில் மூண்ட கட்சிப் பகை சாதிப் பகையாகி ஊர்தோறும் பற்றியது. செப்டம்பர் 10ஆம் நாள் மாவட்ட ஆட்சியர் முதுகுளத்தூரில் சமாதானக் கூட்டம் ஒன்றைக் கூட்டினார். அதில் பங்குகொண்ட இம்மானுவேல் சேகரன், ஒடுக்கப்பட்ட மக்களின் இளந்தலைவர், மறுநாள் இரவே பரமக்குடியில் வெட்டிக் கொல்லப்பட்டார். செப்டம்பர் 14ஆம் நாள் கீழத்தூவலில் காவல்துறையினர் சுட்டதில் மறவர் ஐவர் மாண்டனர். அதன்பின் மூண்ட கலவரத்தில் பல உயிர்கள் போயின. எரிந்த வீடுகள் ஆயிரக்கணக்கில் இருந்தன. அவற்றுள் பெரும்பாலானவை ஒடுக்கப்பட்டோரின் வீடுகள்.

அரசு வாளாவிருக்கவில்லை. செப்டம்பர் 28ஆம் நாள் தேவர் கைது செய்யப்பட்டார். இம்மானுவேல் கொலை வழக்கில் அவரும் குற்றஞ்சாட்டப்பட்டு, புதுக்கோட்டையில் விசாரணை நடந்தது. 1959 ஜனவரியில் நீதிமன்றம் அவரைக் குற்றமற்றவர் என விடுவித்தது. கீழத்தூவலைப் பற்றி அரசின் சார்பில் நடந்த விசாரணை, சுட்டது முறையே என்று முடிவு கூறியது. கட்டிவைத்துச் சுட்டார்கள் என்று சொன்னவர்கள் அம்முடிவை ஏற்கவில்லை.

சட்டத்தின் கண்ணில் அத்தோடு எல்லாம் முடிந்தது. மக்களின் நெஞ்சில் முடிந்ததா? ஆண்டுதோறும் செப்டம்பர் 11 அன்று பரமக்குடியில் ஒரு நினைவுநாள். அக்டோபர் 30 அன்று பசும்பொன்னில் மற்றொரு நினைவுநாள். இரண்டுக்கும் ஆயிரக்கணக்கான காவலர் வந்து இறங்குகின்றனர். 2011ஆம் ஆண்டு அந்தச் செப்டம்பர் 11 அன்றே பரமக்குடியில் மீண்டும் துப்பாக்கிச்சூடு நடந்தது. ஆறு பேருக்குக் குறையாமல் உயிரிழந்தனர். அரை நூற்றாண்டு கடந்தும் அதே நாளில், அதே ஊரில் குருதி சிந்தியது.

வழக்கு ஒன்று நடந்தது. ஆனால் எரிந்த வீட்டுக்காரியிடமும், கீழத்தூவலில் மகனை இழந்த தாயிடமும், உனக்கு நேர்ந்தது என்ன என்று ஒரே அவையில் வைத்து யாரும் கேட்கவில்லை. ஆகவே இரு சாராரும் இரு வரலாறுகளை வைத்துக்கொண்டிருக்கின்றனர். ஒருவரின் வரலாற்றில் மற்றவரின் இறந்தோருக்கு இடமில்லை.

அதே நாள், எதிர்க்கரையில்

அக்டோபர் 30 என்னும் நாளுக்கு, நம் கரையிலிருந்து பார்த்தால் வேறொரு பொருளும் உண்டு. 1990ஆம் ஆண்டு அதே நாளில்தான் யாழ்ப்பாணத்து முஸ்லிம்கள் தம் ஊரைவிட்டு வெளியேற்றப்பட்டனர்.

அவ்வாண்டு ஜூன் மாதத்தில் இலங்கை அரசுக்கும் விடுதலைப் புலிகளுக்கும் இடையே போர் மீண்டும் மூண்டது. ஆகஸ்டு 3ஆம் நாள் இரவு, காத்தான்குடியில் மீரா ஜும்ஆப் பள்ளியிலும் ஹுஸைனிய்யாப் பள்ளியிலும் இஷாத் தொழுகையில் நின்றவர்கள் சுட்டுக் கொல்லப்பட்டனர். மடிந்தோர் நூற்றுக்கும் மேற்பட்டவர். அடுத்த வாரத்தில் ஏறாவூரிலும் அத்தகைய படுகொலை நடந்தது. இவை கிழக்கில். அக்டோபர் மாதத்தில் வடக்கின் முறை வந்தது. சாவகச்சேரியில் தொடங்கி, மன்னார், முல்லைத்தீவு, கிளிநொச்சி என்று ஒவ்வோரிடத்திலிருந்தும் முஸ்லிம்கள் வெளியேறுமாறு புலிகள் கட்டளையிட்டனர். மன்னார்த் தீவின் எருக்கலம்பிட்டி முதலிய ஊரார் படகேறிக் கற்பிட்டிக்குச் சென்றனர். யாழ்ப்பாணத்தில் சோனகத் தெருவினர் ஒலிபெருக்கி அறிவிப்பினால் ஒஸ்மானியாக் கல்லூரியின் பக்கத்து மைதானத்துக்கு அழைக்கப்பட்டனர். அங்கே அவர்களுக்குச் சொல்லப்பட்ட கெடு இரண்டு மணி நேரம்.

கையில் கொண்டுபோகச் சில நூறு ரூபாய் மட்டுமே விடப்பட்டது. நகைகள் வாங்கிக்கொள்ளப்பட்டன. குழந்தைகளின் காதணிகளும் கழற்றப்பட்டதாக வெளியேறியோர் சொல்லியிருக்கின்றனர். வீட்டுப் பத்திரமும் கடைக் கணக்கும் பள்ளிச் சான்றிதழும் விட்டுவந்த இடத்திலேயே நின்றுபோயின. வடமாகாணத்திலிருந்து இவ்வாறு வெளியேற்றப்பட்ட முஸ்லிம்கள் ஏறத்தாழ 75,000 பேர். பெரும்பாலோர் புத்தளம் மாவட்டத்தின் ஓலைக்கொட்டகை முகாம்களில் தங்கினர். தற்காலிகம் என்று கட்டிய கொட்டகைகளில் ஒரு தலைமுறை பிறந்து வளர்ந்து மணமும் முடித்துவிட்டது.

அவர்கள் தமிழே பேசியவர்கள். தலைமுறை தலைமுறையாக அதே தெருவில், அதே சந்தையில் வாழ்ந்தவர்கள். தமிழருள்ளும் இக்கொடுமையை எதிர்த்தோர் இருந்தனர். ‘மனித உரிமைகளுக்கான பல்கலைக்கழக ஆசிரியர்கள்’ என்னும் யாழ்ப்பாணத்துக் குழுவினர், தம்முள் ஒருவரான ராஜினி திராணகமவை 1989 செப்டம்பரில் கொலைக்குப் பறிகொடுத்த பின்னரும், இந்த வெளியேற்றத்தை ஊர்வாரியாகப் பதிவு செய்தனர். உயிருக்கு அஞ்சாமல் அயலாரின் துன்பத்தை எழுதிவைத்த அந்த ஆசிரியர்களை நாம் நன்றியுடன் நினைக்கக் கடமைப்பட்டுள்ளோம்.

தலைவர்கள் கைகுலுக்கிய நாள்

2002 பிப்ரவரியில் போர்நிறுத்த உடன்படிக்கை கையெழுத்தாயிற்று. ஏப்ரல் 10ஆம் நாள் கிளிநொச்சியில் புலிகளின் தலைவர் பிரபாகரன் செய்தியாளரைச் சந்தித்தார். அந்த அவையில், முஸ்லிம்களை வெளியேற்றியது தவறு என்று அன்டன் பாலசிங்கம் வருத்தம் தெரிவித்து, பழையதை மறந்து மன்னிக்கும்படி கேட்டுக்கொண்டார். மூன்று நாள் கழித்துப் பிரபாகரனும் முஸ்லிம் காங்கிரஸ் தலைவர் ரவூப் ஹக்கீமும் ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டனர். வெளியேற்றப்பட்டோர் ஊர் திரும்பலாம் என்பது அதன் முக்கிய கருத்து.

தவறு என்று ஒப்புக்கொண்டது சிறிய செயலன்று. அதற்குரிய மதிப்பை நாம் கொடுக்கத்தான் வேண்டும். ஆயினும் ஆராய்ந்து பார்த்தால் குறை தெரிகிறது. வருத்தம் தெரிவித்தவர், யார் கட்டளையிட்டார், ஏன் கட்டளையிட்டார் என்பதைச் சொல்லவில்லை. பறித்த நகைக்கும் வீட்டுக்கும் கணக்குக் கொடுக்கவில்லை. தவறிழைத்தவரே, மறந்துவிடுங்கள் என்று கேட்டார். கைகுலுக்கியவர் ஓர் அரசியல் கட்சியின் தலைவர்; புத்தளத்துக் கொட்டகையில் இருந்த கைம்பெண் அங்கே இல்லை; அவள் சார்பில் சொல்லவும் யாருக்கும் அவள் அதிகாரம் கொடுத்திருக்கவில்லை.

இவ்விடத்தில்தான் என் மாணவரின் கேள்விக்கு முழுவிடை கிடைக்கிறது. ஷாபிஈ மத்ஹபின் தலையாய சட்ட நூல்களுள் ஒன்று, இமாம் நவவீ (ரஹ்) அவர்களின் ‘மின்ஹாஜ்’. நம் கரையோர மதரஸாக்களில் ஓதப்படும் நூல். கொலையுண்டவனின் வாரிசுகள் பலராக இருந்து, அவர்களுள் ஒருவர் ஊரில் இல்லாவிட்டால் என்ன செய்வது என்ற கேள்விக்கு அதில் விடை இருக்கிறது. அவர் வரும்வரை காத்திருக்க வேண்டும். ஒருவர் சிறுகுழந்தையாக இருந்தால் அது பருவமடையும்வரை காத்திருக்க வேண்டும். அதுவரை கொலைகாரன் காவலில் இருப்பான். இருக்கின்ற வாரிசுகள் அவசரப்பட்டுப் பழிவாங்கிவிடவும் கூடாது. இல்லாத வாரிசின் பங்கை மற்றொருவர் விட்டுக்கொடுக்கவும் முடியாது. ஒருவர் மன்னித்துவிட்டால் உயிருக்கு உயிர் என்பது நீங்கிவிடும். அப்போதும் மற்றவரின் ஈட்டுத்தொகைப் பங்கு நிலைத்தே நிற்கும்.

எத்தனை நுட்பமான ஏற்பாடு! மன்னிப்பை உயர்த்திப் பேசும் அதே ஷரீஅத், மன்னிக்கும் உரிமையை இழந்தவரின் கையிலேயே பூட்டி வைத்திருக்கிறது. கட்சித் தலைவரோ, படைத்தலைவரோ, அரசோ அந்தப் பூட்டைத் திறக்க இயலாது. ஆகவே மன்னிக்க மனம் வராதவன் தாழ்ந்தவனா என்று கேட்பதற்கு முன், அவனை யாரேனும் கேட்டார்களா என்பதையன்றோ கேட்க வேண்டும்!

உலகம் கண்ட வழிகள்

அரசியல் வன்முறைக்குப் பிறகு நீதி தேடுவதற்கு உலகம் பல வழிகளைக் கையாண்டிருக்கிறது. முதலாவது, தண்டனை. இரண்டாம் உலகப்போர் முடிந்ததும் 1945–46இல் நூரம்பர்க் நகரில் ஜெர்மானிய நாஜித் தலைவர்கள் நீதிமன்றத்தில் நிறுத்தப்பட்டனர். மேலிடத்துக் கட்டளை என்று சொல்லித் தப்ப முடியாது என்ற நெறி அங்கே நிலைநாட்டப்பட்டது. அது பெருஞ்சிறப்பு. ஆனால் வென்றவர் தோற்றவரை விசாரித்த மன்றம் அது. வென்றவரின் குற்றங்கள் அங்கே பேசப்படவில்லை.

இரண்டாவது, உண்மையை வெளிக்கொணர்தல். தென்னாப்பிரிக்காவில் நிறவெறி ஆட்சி ஒழிந்தபின் 1995இல் சட்டம் இயற்றப்பட்டு, பேராயர் டெஸ்மண்ட் டுட்டு தலைமையில் உண்மைக்கும் நல்லிணக்கத்துக்குமான ஆணையம் அமைந்தது. 1996 ஏப்ரலில் அது ஊர் ஊராக அமர்ந்து, பிள்ளையை இழந்த தாயை முதலில் பேசவைத்தது. குற்றம் செய்தவன் முழு உண்மையையும் ஒளிக்காமல் சொன்னால் பொதுமன்னிப்பு உண்டு என்று ஏற்பாடு. ஏழாயிரத்துக்கும் மேற்பட்டோர் அதை வேண்டினர். கிடைத்தது 849 பேருக்கு மட்டுமே. பிறருக்கு மறுக்கப்பட்டதற்குப் பல காரணங்கள். அவற்றுள் ஒன்று, முழு உண்மையைச் சொல்லாமை. ஆனால் 1977இல் காவலில் மாண்ட ஸ்டீவ் பிக்கோவின் குடும்பத்தார் இந்த ஏற்பாட்டையே எதிர்த்து அரசியல்சட்ட நீதிமன்றம் சென்றனர். எங்கள் உரிமையை எங்களைக் கேளாமல் அரசு எப்படி விட்டுக்கொடுக்கலாம் என்பதே அவர்கள் வாதத்தின் சாரம். வழக்கில் அவர்கள் தோற்றனர். பிக்கோவின் மரணத்துக்குக் காரணமான காவலருக்கோ, உண்மையைச் சொல்லவில்லை என்பதால் மன்னிப்பும் கிடைக்கவில்லை. பிறகு அவர்கள் மீது வழக்கும் தொடுக்கப்படவில்லை.

‘கிஸாஸ்’ என்ற அரபுச் சொல்லின் வேரை இங்கே எண்ணிப் பார்க்கலாம். ‘கஸ்ஸ’ என்றால் அடிச்சுவட்டைப் பற்றிச் செல்லுதல். வரலாறு சொல்லுதலைக் குறிக்கும் ‘கஸஸ்’ என்ற சொல்லும் அதே வேரில் பிறந்ததே. திருக்குர்ஆனின் 28ஆம் அத்தியாயத்துக்கு அதுவே பெயர். சுவடு பற்றிச் சென்று நடந்ததை நடந்தபடி அறிதலும், நடந்ததைச் சொல்லுதலும், அதற்கு ஒத்த நீதி செய்தலும் அரபு மொழியில் ஒரு குடும்பத்துச் சொற்கள். உண்மையை அறியாமல் தண்டிப்பது கொடுமை என்றால், உண்மையை அறியாமல் மன்னிப்பதும் வெறும் சொல்லே.

மூன்றாவது வழி, இழப்புக்கு ஈடு. இதில் நம் கரையாருக்குப் பழைய அனுபவம் உண்டு. 1915 மே மாத இறுதியில் கண்டியில் தொடங்கிய கலவரம் இலங்கையின் பல பகுதிகளுக்குப் பரவியது. கரையோரச் சோனகர் என்று அங்கே அழைக்கப்பட்ட நம் கரைப்பட்டினத்து வணிகரே அதில் முதல் இலக்கு. நாலாயிரத்துக்கும் மேற்பட்ட கடைகள் சூறையாடப்பட்டன, பள்ளிவாசல்கள் சிதைக்கப்பட்டன. ஆங்கில அரசு ஜூன் 2 முதல் ஆகஸ்டு 30 வரை இராணுவச் சட்டத்தை நடத்தியது, பலரைச் சுட்டது. ஈட்டுத்தொகையைக் குற்றம் செய்தவரிடமிருந்து மட்டுமன்றி, சிங்கள ஊரார் அனைவரிடமிருந்தும் வசூலித்தது. இக்கொடுமையைச் சட்டசபையில் பொன்னம்பலம் இராமநாதன் எதிர்த்தது நியாயமே. ஆனால் அந்த முழக்கத்தில், கடை இழந்தவனின் குரல் கேட்காமல் போயிற்று என்ற வருத்தம் முஸ்லிம்களிடையே நெடுங்காலம் நின்றது. தவறிழைத்தவனைக் கண்டறியாமல் இனத்தின்மேல் சுமத்திய தண்டம் பகையைக் குறைக்கவில்லை. 1990இல் யாழ்ப்பாணத்து முஸ்லிம்களுக்கு நேர்ந்ததும், சிலர் மீதான ஐயத்துக்கு ஓர் இனத்தையே தண்டித்த கொடுமையே அன்றோ?

போருக்குப் பின்

2009 மே மாதத்தில் போர் முடிந்தது. முள்ளிவாய்க்காலில் பல்லாயிரம் தமிழ்ப் பொதுமக்கள் மடிந்தனர். சரணடைந்தோர் பலர் என்னவாயினர் என்பது இன்றும் தெரியவில்லை. காணாமற்போனோரின் தாய்மார் 2017 பிப்ரவரியில் கிளிநொச்சியில் சாலையோரத்தில் அமரத் தொடங்கினர். இவர்களும் வாரிசுகளே, இவர்களையும் யாரும் கேட்கவில்லை.

2010இல் அரசு அமைத்த ‘கற்றுக்கொண்ட பாடங்கள் மற்றும் நல்லிணக்க ஆணைக்குழு’ 2011இல் அறிக்கை தந்தது. வடபுல முஸ்லிம்களுக்கு நிலையான தீர்வு காணத் தனிக்குழு அமைக்க வேண்டும் என்று அது பரிந்துரைத்தது. 2015இல் வந்த அரசு, உண்மை ஆணைக்குழு, காணாமற்போனோர் அலுவலகம், இழப்பீட்டு அலுவலகம், தனி நீதிமன்றம் என நான்கு ஏற்பாடுகளை ஐ.நா. மனித உரிமைப் பேரவையின் முன் ஏற்றுக்கொண்டது. இரண்டு அலுவலகங்களுக்கு 2016இலும் 2018இலும் சட்டம் வந்தது. அந்த அரசு இருந்தவரை தனி நீதிமன்றம் வரவில்லை. உண்மை ஆணைக்குழுவும் வரவில்லை. 2020இல் அடுத்த அரசு அந்த வாக்குறுதியிலிருந்தே விலகிக்கொண்டது. கிழக்கில் புலிகளின் தளபதியாயிருந்தவர் 2004இல் அவர்களைவிட்டுப் பிரிந்து, 2009இல் அரசில் அமைச்சரும் ஆனார். அரசியலுக்கு வேண்டியவரானால் பழைய கணக்கு கேட்கப்படுவதில்லை என்பதற்கு வேறு சான்று வேண்டுமா?

ஊர் திரும்ப விரும்பிய முஸ்லிம்களின் நிலை மேலும் வருந்தத்தக்கது. 2008க்குப் பின் இடம்பெயர்ந்தோர் ‘புதியவர்’ என்றும் அதற்கு முன்னர் இடம்பெயர்ந்தோர் ‘பழையவர்’ என்றும் பிரிக்கப்பட்டனர். உதவிகள் பெரிதும் புதியவருக்கே சென்றன. மன்னார் மாவட்டத்தின் முசலிப் பகுதியில், மறிச்சுக்கட்டி, கரடிக்குழி ஊரார் இருபது ஆண்டுகளுக்கு மேல் இல்லாதிருந்தமையால் நிலத்தில் காடு வளர்ந்துவிட்டது. 2012இல் அப்பகுதி நிலம் காப்புக்காடு என்று அரசிதழில் அறிவிக்கப்பட்டது. பின்னர் அங்கே திரும்பி வந்து புதரை வெட்டியவர்கள், வில்பத்துக் காட்டை அழிப்போர் என்று பழிக்கப்பட்டனர். துரத்தப்பட்டவன் இல்லாத காலமே அவனுக்கு எதிரான சான்றாகிவிட்டது. இல்லாத வாரிசுக்காகக் காத்திருக்க வேண்டும் என்ற சட்டத்துக்கு இது நேர்மாறு.

மக்கா வெற்றியிலிருந்து நாம் கற்பது

இத்தகைய இடங்களில் நம் சொற்பொழிவாளர்கள் மக்கா வெற்றியை எடுத்துக்காட்டுவர். ஹிஜ்ரி 8ஆம் ஆண்டு, கி.பி. 630இல், அண்ணல் நபி (ஸல்) அவர்கள் தம்மைத் துரத்திய ஊருக்குள் வெற்றியோடு நுழைந்து பொதுமன்னிப்பு வழங்கினார்கள். ஆகவே நாமும் மறந்துவிடுவோம் என்பர். வரலாற்றை முழுமையாகப் படித்தால் அந்த மன்னிப்பின் மாண்பு இன்னும் கூடுகிறது. அதை எளிதாக மேற்கோள் காட்டும் துணிவு நமக்குக் குறைகிறது.

முதலாவதாக, மன்னித்தவர்கள் பாதிக்கப்பட்டவர்கள். அதுவும் பழிவாங்கும் ஆற்றல் கையில் இருந்தபோது மன்னித்தார்கள். நாடு துறந்து சென்ற முஹாஜிர்கள் தம் மக்கா வீடுகளைத் திரும்பக் கோராமல் விட்டார்கள். பெருமானாரும் தம் பழைய வீட்டைக் கேட்கவில்லை. அது அவர்களே மனமுவந்து விட்டது. அதைக் காட்டி, புத்தளத்துக் கொட்டகைவாசியிடம் நீயும் விட்டுவிடு என்று சொல்ல நாம் யார்?

இரண்டாவதாக, மன்னிப்பு மறதியாக இருக்கவில்லை. உஹதுப் போரில் ஹம்ஸா (ரலி) அவர்களைக் கொன்ற வஹ்ஷீ பின்னர் இஸ்லாத்தைத் தழுவி வந்தபோது பெருமானார் அவரை ஏற்றுக்கொண்டார்கள். ஆயினும் தம் பார்வையில் படாமல் இருக்க இயலுமா என்று கேட்டார்கள். சிறிய தந்தையின் நினைவு நெஞ்சில் இருந்தது. தண்டியாமல் விடுவது வேறு, வலியே இல்லையென்று நடிப்பது வேறு என்பதை இதைவிட மென்மையாக யார் உணர்த்த முடியும்?

மூன்றாவதாக, விட்டுக்கொடுத்தல் தம்மிடமிருந்தே தொடங்கியது. ஹிஜ்ரி 10ஆம் ஆண்டு இறுதிப் பேருரையில் அறியாமைக் காலத்துப் பழிக்கணக்குகளைத் தள்ளுபடி செய்தபோது, முதலாவதாகத் தள்ளியது தம் குடும்பத்துக்கு வரவேண்டிய பழிக்கணக்கையே.

நான்காவதே நமக்கு மிகக் கடினமான பாடம். மக்கா வெற்றிக்குப் பின் காலித் இப்னு வலீத் (ரலி) அவர்கள் பனூ ஜதீமாக் குலத்தாரிடம் அனுப்பப்பட்டார்கள். அங்கே பணிந்துவிட்டவர்களுள் சிலர் கொல்லப்பட்டனர். செய்தி வந்ததும் பெருமானார் கைகளை உயர்த்தி, அச்செயலுக்கும் தமக்கும் தொடர்பில்லை என்று இறைவனிடம் முறையிட்டார்கள். அதோடு நில்லாமல் அலீ (ரலி) அவர்களைப் பொருளோடு அனுப்பினார்கள். அவர்கள் ஒவ்வோர் உயிருக்கும் ஈடு கொடுத்தார்கள்; இழந்த ஒவ்வொரு பொருளுக்கும் கொடுத்தார்கள்; நாய் நீர் குடிக்கும் கலத்துக்கும் விலை கொடுத்தார்கள். மிஞ்சியதையும், இரு தரப்பாரும் அறியாமல் விடுபட்ட இழப்பு ஏதேனும் இருக்கலாம் என்று அவர்களிடமே விட்டுவந்தார்கள். தவறு செய்தது தம் படை. அதன் தலைவரோ பெரும் வீரர். ஆயினும் தம்மவர் என்று மூடி மறைக்கவில்லை.

இந்த அளவுகோலை எடுத்தால் நம் பக்கமும் அளக்கப்பட வேண்டும். 1990 ஆகஸ்டில், காத்தான்குடியும் ஏறாவூரும் அழுத அதே நாட்களில், அம்பாறை மாவட்டத்து வீரமுனை முதலிய ஊர்களில் தமிழர் கொல்லப்பட்டனர். அதில் முஸ்லிம் ஊர்க்காவற் படையினருக்குப் பங்கு இருந்ததாகத் தப்பியோர் சாட்சி கூறியிருக்கின்றனர். காத்தான்குடியைப் பற்றிப் பேசும்போது நம் குரல் உயர்கிறது. வீரமுனையைப் பற்றிப் பேசும்போது தாழ்ந்துவிடுகிறது. அங்கே மாண்டவருக்கும் வாரிசுகள் இருக்கின்றனர். நாய்க் கலத்துக்கும் விலை கொடுத்த மரபில் வந்தவர்கள், மனித உயிரின் கணக்கைக் கேளாமல் இருக்கலாமா? யாழ்ப்பாணத்துத் தமிழ் ஆசிரியர்கள் நம் துன்பத்தை எழுதிவைத்தார்களே, அவர்களின் துன்பத்தை எழுதிவைத்த நம் ஆசிரியர்கள் எத்தனை பேர்?

இரு கரைக்கும் பொதுவான நெறி

ஆகவே அரசியல் வன்முறைக்குப் பின் நீதி என்பதற்கு ஒரு வரிசை இருப்பதாகத் தோன்றுகிறது. நடந்ததைச் சுவடு பற்றிச் சென்று அறிதல் முதற்படி. தவறிழைத்தவர் இன்னது செய்தேன் என்று ஒப்புதல் இரண்டாம் படி. உயிருக்கும் நிலத்துக்கும் பொருளுக்கும் ஈடு செய்தல் மூன்றாம் படி. தண்டனையா, மன்னிப்பா என்ற கேள்வி அதற்குப் பிறகே எழ வேண்டும்; அதற்கு விடை சொல்லும் வாய் இழந்தவரின் வாயாக இருக்க வேண்டும். தலைவர்கள் இந்த வரிசையைத் தலைகீழாக்கி மன்னிப்பை முதலில் கேட்கின்றனர். முதற்படி ஏறாதவனிடம் கடைசிப் படியில் நிற்கச் சொன்னால் அவன் எப்படி நிற்பான்?

அடுத்த வகுப்பில் மாணவரிடம் மின்ஹாஜின் அந்தப் பகுதியை மீண்டும் படிக்கச் சொன்னேன். அவர் படித்துவிட்டு, “இல்லாத வாரிசு இருபது ஆண்டாகியும் வராவிட்டால், ஹஸ்ரத்?” என்று கேட்டார்.

“வழக்கு மூடப்படாது,” என்றேன். “அவர் வருவதற்கு வழியைத் திறந்து வைப்பது மட்டுமே நம் வேலை.”

அவர் அந்த வரியின் ஓரத்தில் பென்சிலால் ஒரு கோடு போட்டுக்கொண்டு பக்கத்தைத் திருப்பினார்.